என் கழுத்து வலிக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்

பஸ் ஓட்டுவதில் கையும் காலும் செய்கிற வேலை எல்லாருக்கும் தெரியும். கழுத்து செய்கிற வேலை கழுத்து கெட்டுப்போன டிரைவருக்கு மட்டுமே தெரியும்.

என் மனைவி பச்சையம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில். அறுபதுகளில் பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் இடையே, ஆரணி, பெரியபாளையம் வழியாக, ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அன்று ஆரணியில் இறங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்று, "கழுத்த துண்டால நல்லா சுத்திக்கங்க, காத்து பூந்துக்கப் போவுது" என்றாள். சரி என்றேன். பழைய நாளாக இருந்தால் வண்டியை எடுத்த பிறகும் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்திருப்பேன். அப்போது என் கழுத்து திரும்பாது. கண்ணாடியில் பார்த்தேன். எஞ்சின் அதிர்ந்ததில் கண்ணாடியும் அதிர்ந்தது. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்ற ஒரு உருவம் தெரிந்தது. அந்த வாரம் அந்தப் பக்கமெல்லாம் வாந்திபேதி. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என்னைப் போலக் கழுத்து வலியோடு காலம் தள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் உங்களுக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்லப்பட்டவற்றைக் கேளுங்கள்.

கேட்டில் நின்ற வண்டி

பச்சையம்மாள் போவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு நடந்தது இது. காலை முதல் டிரிப். பொன்னேரி ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வரவேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு உடம்பைத் தளர விட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்து டிரைவர் சீட்டில் முதுகுப் பலகை தோள் வரைக்கும்கூட வராது. கண்டக்டர் தேசப்பன் இடது பக்கம் படியருகே நின்று, "நாஷ்டா துன்னியா அண்ணே?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல அவன் பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து, பழவேற்காட்டுப் பக்கமிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று பின்னால் வந்து மோதியது.

என் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளுமே, அப்படி. ரத்தம் இல்லை, காயம் இல்லை. பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மீன்காரி எல்லம்மாவின் கூடை கவிழ்ந்து வண்டி முழுக்க இறால். ஜனங்கள் சிரித்துக்கொண்டே பொறுக்கிக் கொடுத்தார்கள். நானும் சிரித்தேன். திருவள்ளூர் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பியும் வந்தேன். மறுநாள் காலை பாயில் இருந்து தலையைத் தூக்க முடியவில்லை. லாரி டிரைவர் நல்ல மனுஷன். மோதின கையோடு இறங்கி வந்து என் தோளைத் தட்டி அவன் சொன்னதுதான் இந்த வலிக்கு முதல் வைத்தியம்: "உனுக்கு ஒண்ணும் ஆவல இல்ல நைனா? எறா தான் போச்சு, ஆளு போவல."

வெயில் காய்ந்த தலையணை

பக்கத்து வீட்டு அம்மா முதல் காரணத்தைக் கண்டுபிடித்தார். தலையணை. தலை கோணலாக வைத்துப் படுத்ததால் பிடித்துக்கொண்டது, தலையணையை வெயிலில் போட்டால் கழுத்து தானாக விட்டுவிடும் என்றார். முந்தின நாள் லாரி மோதியதைச் சொன்னோம். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் சொன்னால் தட்டக் கூடாது என்று பச்சையம்மாள் தலையணையைக் கிணற்றுக் கட்டைச் சுவரில் காய வைத்தாள். மதியம் திருப்பிப் போட்டாள். சாயங்காலம் அந்த அம்மா உலக்கையைக் கொண்டுவந்து என் பிடரியில் உருட்டினார். அவர் போன பிறகு பச்சையம்மாள் தைலத்தைச் சூடு பண்ணித் தேய்த்தாள். அன்றிலிருந்து தினமும் நான் வண்டியை விட்டு வந்ததும் தேய்ப்பாள். முதல் நாள் தேய்த்தபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இடிச்சது லாரி, காயறது தலகாணி. இன்னா நாயம் இது?"

செக்கர் உதைத்த கதை

இரண்டாவது காரணம் சுளுக்கு. சுளுக்குக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பிறக்கும்போது கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் தங்கள் காலால் அந்த இடத்தைத் தடவிவிட்டால் போய்விடும். தேசப்பன் அப்படி ஒருவரைத் தேடி அலைந்தான். கடைசியில் அகப்பட்டவர் எங்கள் கம்பெனி டிக்கெட் செக்கர். கண்டக்டர்கள் எல்லாரும் அவரைத் தூரத்தில் பார்த்தாலே பையைச் சரி பார்த்துக்கொள்வார்கள். அவரிடம் போய், "சார், நீங்க கால் முன்னாடி பொறந்தவங்களாமே" என்று கேட்கிற தைரியம் தேசப்பனுக்கு எப்படி வந்ததோ. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மறுக்கவில்லை. மறுத்தால் பாவம் என்று அவர் அம்மா சொல்லியிருந்தாராம்.

ஆரணி பஸ் நிற்கிற இடத்தில், பயணிகள் டீ குடிக்க இறங்கிய நேரத்தில், நான் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். செக்கர் செருப்பைக் கழற்றினார். சுற்றிலும் பார்த்தார். "மன்னிச்சுக்கப்பா" என்று மெல்லச் சொல்லிவிட்டு என் கழுத்தில் காலை வைத்து இழுத்தார். இரண்டாவது முறை கால் வழுக்கி அது உதையாகவே விழுந்தது. டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நெல் வியாபாரி ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து செக்கரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே கூட்டம். விஷயத்தைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாம் தெரிந்த பிறகும் அந்த வியாபாரிக்கு மனம் ஆறவில்லை. "டிக்கெட்டு வாங்காத எங்கள ஒதைச்சாலும் நாயம் கீது. வண்டி ஓட்டற ஆள ஏன்யா ஒதைக்கிற?"

படத்தில் ஒன்றும் இல்லை

மாதங்கள் போயின. கம்பெனி மேனேஜர் என்னைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, போகலாம் என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. கழுத்து வலிக்காரர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட செய்தி என்று. கை ஒடிந்தவனுக்குக் கட்டு இருக்கும். காய்ச்சல்காரனுக்குச் சூடு இருக்கும். நமக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அந்தப் படத்தில் மெல்லிய ஒரு கீறல் இருந்திருக்கக் கூடாதா என்று ரயிலில் வரும்போது நினைத்தேன்.

படத்தை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. திரும்பிப் பார்க்க முடியாத டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கழுத்து சரியாகவில்லை என்றால் என்னை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து ஷெட்டில் காவலுக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார். அதோடு, உண்மையிலேயே குழம்பிப்போய், இதையும் கேட்டார்: "படத்துல இல்லாத வலிக்கு நான் இன்னான்னு எழுதி லீவு குடுக்கறது, நீயே சொல்லு?"

துண்டு

பச்சையம்மாள் போனது இதற்குப் பிறகு. அவள் சொன்னபடி துண்டைச் சுற்றிக்கொண்டேன். ஓட்டும்போதும் சுற்றியிருப்பேன், சாப்பிடும்போதும், படுக்கும்போதும். இறுக்கிக் கட்டினால் தலை ஆடாது, ஆடாவிட்டால் சுள்ளென்று இழுக்காது. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்பினேன். வலி குறைய வேண்டும் அல்லவா? ஏறியது. கழுத்தில் இருந்தது தோள்பட்டைக்கு இறங்கி, பின்மண்டைக்கும் போனது. தைலம் தேய்க்க ஆள் இல்லை. நானே தேய்த்துப் பார்த்தேன். கை எட்டுகிற இடத்தில் வலி இல்லை.

ஆரணிக்கு முன்னால் ஒரு கிராமத்தில் தினமும் காலையில் நிலத்துக்காரர் ஒருவர் வரப்பில் நின்று எனக்குக் கையைத் தூக்குவார். நானும் திரும்பிப் பார்த்து ஹாரனை ஒரு முறை அமுக்குவேன். பேசிக்கொண்டதில்லை, பல வருஷப் பழக்கம். இப்போது அவர் கை தூக்குவது எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அவர் நிறுத்திவிட்டார். ஒரு நாள் பஸ்ஸில் ஏறியபோது தேசப்பனிடம் என் காதில் விழும்படியே சொன்னார்: "உங்க டிரைவருக்கு இப்ப ரொம்ப கித்தாப்பு. கழுத்துல துண்டு ஏறிச்சி, மனுசன் கண்ணுக்குத் தெரியல."

வியாழக்கிழமை

எனக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. வண்டி ஓட்டினால் கழுத்து வலிக்கும், ஓட்டாத நாளில் வலிக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு வியாழக்கிழமைதான் அதிகம் வலித்தது. அதிலும் மத்தியானம் தாண்டி, தெருவில் சத்தம் அடங்கி, வீட்டில் நான் வைத்த பாத்திரம் வைத்த இடத்திலேயே இருக்கிற நேரத்தில், ஆணி அடித்தது போல இருக்கும். இதை யாரிடம் சொல்வது? ஓய்வெடுத்தால் வலிக்கிறது என்று மேனேஜரிடம் சொன்னால் சிரிப்பார். ஷெட்டில் காவலுக்குப் போட்டால் வாரம் முழுக்க எனக்கு வியாழக்கிழமையாகிவிடும் என்கிற பயம் அப்போதுதான் வந்தது. அந்தப் பயம் வந்த பிறகு கழுத்து இன்னும் இறுகியது.

வியாழக்கிழமைகளில் குளித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். வண்டிகள் வரும், போகும். தேசப்பன் டிரிப் முடிந்து வந்து என்னைப் பார்த்தான். பாதி டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "ஊட்ல வலிச்சா இங்க வந்துடுண்ணே. இங்கயும் வலிக்கும். ஆனா இன்னா, வலிக்குதான்னு கேக்க ஒரு ஆளு கீது."

ஒட்டகச்சிவிங்கி

எனக்குப் பள்ளிக்கூடம் குறைவு. படித்ததெல்லாம் நானாகப் படித்ததுதான். பட்டணம் போனபோது மூர் மார்க்கெட்டில் அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கிவந்தேன். மனித உடம்பைப் பற்றியது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கழுத்துப் பகுதியை மட்டும் படித்தேன். ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆகும். கழுத்தில் எலும்பு ஏழு. எலும்பை எலும்போடு நார்கள் கட்டிவைத்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தை போல ஒன்று, இரண்டு பக்கமும் கீல் போலச் சின்ன மூட்டுகள். எக்ஸ்ரேயில் நான் பார்த்தது எலும்பை மட்டும்தான் என்று விளங்கியது. அடி நாரில் பட்டிருந்தால்? மூட்டில் பட்டிருந்தால்? புத்தகத்தில் மேலே ஒரு பத்தியில், ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் அதே ஏழு எலும்புதான் என்று போட்டிருந்தது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லாததால் காலையில் தேசப்பனிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, பெரியபாளையம் தாண்டிய பிறகு பதில் சொன்னான்: "பாவம்ணே, அது கழுத்துக்கு உலக்க உருட்டணும்னா ரெண்டு தெரு வோணும்."

டாக்டரம்மா

திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் போனபோது மேனேஜர் எனக்குக் கெடு சொல்லியிருந்தார். பொங்கலுக்குள் வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் காவல் வேலை. டாக்டரம்மா என் படத்தைப் பார்க்கவில்லை. "மோதினப்போ நீங்க எந்தப் பக்கம் பாத்துட்டிருந்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. இடது பக்கம், நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லத் திரும்பினேன் என்றேன். கழுத்து நேராக இருந்தால் அடி இரண்டு பக்கமும் பங்கு போகும், திரும்பியிருந்தால் ஒரு பக்கமே வாங்கிக்கொள்ளும் என்றார். நீங்கள் அடியை எதிர்பார்க்கவும் இல்லை, தலைக்குப் பின்னால் தாங்கவும் ஒன்றும் இல்லை என்றார். புத்தகத்தில் படித்த நாரையும் மூட்டையும் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ ஆறியிருக்கணும். ஆறின பிறகும் வலிக்குதுன்னா, நீங்க கழுத்தைப் பூட்டி வெச்சிருக்கீங்க. ஆட்டினா வலிக்கும்னு பயம். பயந்து இறுக்கறீங்க, இறுக்கி இறுக்கிச் சதை களைச்சுப் போகுது, அதனால வலி, அதனால தூக்கம் இல்ல, தூக்கம் இல்லாததால இன்னும் வலி."

எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் என் வலி பொய்யா என்று கேட்டேன். "மாசக்கணக்கா கையை மடக்கியே வெச்சிருந்துட்டு நீட்டினா வலிக்கும். அது பொய் வலியா?" என்றார். மணிக்கு ஒரு தரம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பு, வலித்தாலும் திருப்பு என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு துண்டைச் சுட்டி, இதை யார் கட்டச் சொன்னது என்று கேட்டார். வீட்டில் சொன்னார்கள் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துக்கொண்டே சொன்னார்: "போய்ச் சொல்லிடுங்க அவங்ககிட்ட, இனிமே வேண்டாம்னு."

எல்லம்மாவின் கோபம்

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன். மறுநாள் கழுத்து வெறுமையாக, குளிராக இருந்தது. திருப்ப ஆரம்பித்தேன். கண் இருட்டும் அளவு வலி. விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன்.

விடாமல் பார்த்துக்கொண்டது எல்லம்மா. இறால் கூடை கவிழ்ந்த அதே மீன்காரி. தினமும் எனக்கு இடது பக்கம், எஞ்சின் பெட்டியை ஒட்டின சீட்டில் உட்கார்ந்து, பொன்னேரியிலிருந்து ஆரணி வரை ஓயாமல் பேசுவாள். மருமகள் சமைத்தது, ஏரியில் தண்ணீர் உப்பானது, எல்லாம். துண்டு கட்டியிருந்தபோது நான் ரோட்டைப் பார்த்தபடியே ம் கொட்டுவேன். துண்டு போன பிறகும் பழக்கம் போகவில்லை. ஒரு நாள் கேட் மூடி வண்டி நின்றிருந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். நான் திரும்பும்வரை பேசவே இல்லை. திரும்பினேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நேரே பார்த்தேன், வயதாகியிருந்தது. அன்றிலிருந்து வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் இது நடந்தது. அவள் நிறுத்துவாள், நான் திரும்புவேன், அவள் தொடருவாள். டாக்டரம்மா சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள்: "நான் பேசறது உன் மூஞ்சியோட. பொடனியோட பேசறதுக்கு எனுக்கு இன்னா, பைத்தியமா?"

ரிவர்ஸ்

பொங்கலுக்கு முன்பு மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். வழக்கமாக வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் பின்பக்கம் நின்று தகரத்தைத் தட்டி வா வா என்று சொல்லுவான். அன்று தேசப்பனைத் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் உள்ள சந்தில், நானே பார்த்து எடுக்க வேண்டும். வலது பக்கம் தலையை வெளியே விட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் கழுத்து வந்தது. இடது பக்கம் திரும்பினேன். பாதியில் பழைய ஆணி இறங்கியது. நிறுத்தினால் அதோடு முடிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். காலி சீட்டுகள் வரிசையாக, அதற்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் சுவர், எல்லாம் தெரிந்தது. பின்னால் எடுத்தேன். எதிலும் உரசவில்லை.

இறங்கியபோது சட்டை நனைந்திருந்தது. தேசப்பன் தூரத்திலிருந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டிச் சிரித்தான். மேனேஜர் என் அருகில் வந்தார். இத்தனை நாள் இவனை நம்பாமல் இருந்துவிட்டோமே என்று ஏதாவது சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் என் கழுத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தார். எனக்கு ஸ்டீயரிங் உண்டு என்று சொல்லிவிட்டு, பிறகு, ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தவர் போல, கோபமே இல்லாமல் கேட்டார்: "அதான் நல்லா திரும்புதே! இத்தினி நாளு இன்னாத்துக்குய்யா ஆக்டு குடுத்த?"

ஓய்வு பெறும்வரை வண்டி ஓட்டினேன், வலி எங்கிருந்து வந்தது, எதனால் தங்கியது என்பதும் ஓரளவு எனக்கு விளங்கிவிட்டது. வலிக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, இடது தோளுக்கு மேலே இன்றைக்கும் இருக்கிறது.